டெலிவரி கட்டணம்: கூடையை நிரப்புவதா, சந்தா கட்டுவதா, நேரில் போய் எடுப்பதா?

ஒரே பொருளை மூன்று ஆன்லைன் கடைகளில் பார்க்கிறீர்கள். ஒன்றில் விலை குறைவு, டெலிவரிக்குத் தனியாகப் பணம். இன்னொன்றில் விலை கொஞ்சம் கூடுதல், டெலிவரி இலவசம். மூன்றாவதில் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் இலவசம். விலையை மட்டும் வைத்து இதில் எது மலிவு என்று சொல்லவே முடியாது. வியாபாரிகள் சரக்கு வாங்கும்போது அடக்க விலை போட்டுப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வாங்குபவரும் அதையேதான் போட வேண்டும். பொருளின் விலை, டெலிவரி, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சில்லறைக் கட்டணங்கள் மூன்றையும் கூட்டுங்கள். கூப்பனில் குறைவதைக் கழியுங்கள். பிடிக்காமல் திருப்பி அனுப்ப நேர்ந்தால் ஆகும் செலவில் ஒரு பங்கைச் சேருங்கள். வருவதுதான் உங்கள் அடக்க விலை. டெலிவரியை மிச்சப்படுத்த என்ன வழியை யார் சொன்னாலும் இந்த ஒரு எண் குறைகிறதா என்று பார்த்தால் போதும்.

கீழே வரும் கணக்குகளில் நாணயத்தின் பெயர் இல்லை. உங்கள் ஊர்ப் பணத்தை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். விகிதம் மாறாது.

கணக்கைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. கடைக்குள் நுழைந்ததும் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுவிடுங்கள். பொருளின் பக்கத்தில் தெரியும் டெலிவரி கட்டணம் பல கடைகளில் பொதுவான மதிப்பீடுதான். தூரம், போக்குவரத்து வசதி குறைந்த பகுதி என்று கணக்கில் எடுத்து, முகவரி போட்ட பிறகுதான் உண்மையான தொகை வரும். அதேபோல, பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்க்காமல் எதையும் ஒப்பிடாதீர்கள். ‘டெலிவரி இலவசம்’ என்ற வரிக்குக் கீழேயே கையாளும் கட்டணம், பேக்கிங் கட்டணம், சிறிய ஆர்டருக்கான கட்டணம், கேஷ் ஆன் டெலிவரி கட்டணம் என்று வேறு பெயர்களில் அதே பணம் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

விலையில் கலந்த டெலிவரியா, தனியாகக் கேட்கும் டெலிவரியா

எந்தப் பார்சலும் சும்மா வருவதில்லை. இலவசம் என்றால் யாரோ எங்கோ கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது பொருளின் விலையிலேயே கலந்திருக்கும். இதனால் ஒரு பொருள் வாங்கும்போது ஒரு கடையும், ஐந்து வாங்கும்போது வேறொரு கடையும் மலிவாக இருக்கும்.

முதல் கடையில் விலை 240, டெலிவரி இலவசம். இரண்டாவது கடையில் விலை 200, டெலிவரி 50. ஒன்று மட்டும் வாங்கினால் முதல் கடை 240, இரண்டாவது 250. முதல் கடைதான் லாபம். இரண்டு வாங்கினால் 480க்கு எதிரே 450. ஐந்து வாங்கினால் 1200க்கு எதிரே 1050. விலைக்குள் ஒளிந்திருக்கும் டெலிவரியை ஒவ்வொரு பொருளுக்கும் கட்டுகிறீர்கள், தனியாகக் கேட்பதை ஒரு தடவைதான் கட்டுகிறீர்கள். ஆக, ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் இலவச டெலிவரிக் கடை, மொத்தமாக வேண்டும் என்றால் தனிக் கட்டணக் கடை என்பது நல்ல தொடக்கம்.

இதில் ஒரு கவனம் வேண்டும். இரண்டாவது கடை முதல் பொருளுக்கு 50, கூடுதலாக வரும் ஒவ்வொன்றுக்கும் 10 என்று வசூலிக்கலாம். அப்போது ஐந்துக்கு 1090 ஆகும். இன்னமும் மலிவுதான், ஆனால் வித்தியாசம் சுருங்கிவிட்டது. பல விற்பனையாளர்கள் கூடும் சந்தைத் தளங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கூடையில் நான்கு பொருள் போட்டாலும், நான்கையும் நான்கு பேர் விற்றால் நான்கு டெலிவரி கட்டணம். பொருளின் பக்கத்தில் யார் விற்கிறார், யார் அனுப்புகிறார் என்ற இரண்டு வரிகளையும் படியுங்கள். ஒரு விற்பனையாளரின் பெயரைத் தொட்டால் அவருடைய மற்றப் பொருட்களும் வரும். வேண்டியதை அங்கேயே தேடினால், தனித்தனியாகப் பார்க்கும்போது சில பொருட்கள் சற்று விலை கூடுதலாகத் தெரிந்தாலும் மொத்தத்தில் மிச்சமாகும்.

இலவச வரம்பு வரை கூடையை நிரப்புவது

அதிகம் பேர் தவறு செய்யும் இடம் இது. சரியாகச் செய்தால் நல்ல பணம் மிஞ்சும் இடமும் இதுவே.

500க்கு வாங்கினால் டெலிவரி இலவசம், அதற்குக் கீழே 40 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கூடையில் 440 இருக்கிறது. இன்னும் 60 வேண்டும். 60க்கு ஏதாவது சேர்த்துவிட்டால் 40 மிச்சம் என்று மனசு சொல்லும். உண்மையில் 440க்கான கூடைக்கு நீங்கள் கட்டப் போவது 480. நிரப்பிய கூடைக்குக் கட்டுவது 500. அதாவது அந்தப் புதுப் பொருளை 20க்கு வாங்குகிறீர்கள். அது உங்களுக்கு 20 மதிப்பாவது பெறுமா என்பதுதான் கேள்வி. வீட்டில் தீர்ந்துபோகப் போகிற பொருள் என்றால் தாராளமாகப் பெறும். அலமாரியில் தூசி படியப் போகிற பொருள் என்றால் 20 நஷ்டம்.

இதைச் சூத்திரமாக நினைவில் வையுங்கள்: சேர்க்கும் பொருளின் விலையில் டெலிவரி கட்டணத்தைக் கழித்து வருவதே அந்தப் பொருளுக்கு நீங்கள் தரும் உண்மையான விலை. கூடை 475 ஆக இருந்து, 25க்கு ஒரு பொருள் சேர்த்தால் கணக்கு 25 கழித்தல் 40, அதாவது பூஜ்ஜியத்துக்கும் கீழே. பொருளும் கிடைக்கிறது, கையில் 15ம் நிற்கிறது. வரம்பை எட்டக் குறைவது டெலிவரி கட்டணத்தைவிடச் சிறியதாக இருந்தால் யோசிக்காமல் நிரப்பலாம். டெலிவரி கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு குறைகிறது என்றால், உண்மையிலேயே தேவைப்படும் பொருள் இல்லாதபோது கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போவதே மலிவு. கூடை 300இல் இருக்கும்போது 200க்குப் பொருள் தேடுவது சேமிப்பே ஆகாது.

நிரப்பப் பொருள் தேடும் வேலையைப் பணம் கட்டும் பக்கத்தில் நின்றுகொண்டு செய்தால் கண்டதையும் எடுப்போம். அதற்காகவே ஒரு பட்டியல் வைத்திருங்கள். கெட்டுப்போகாதது, எப்படியும் வாங்கப் போவது, விலை சிறியது: பேட்டரி, சோப்பு, பல் துலக்கும் பிரஷ், பேனா ரீஃபில், குப்பைப் பை, பல்பு, ஒட்டு டேப். கடையின் விருப்பப் பட்டியலிலேயே இவற்றைச் சேமித்து வைத்தால் 20க்கும் 100க்கும் இடைப்பட்ட விலையில் தேவையானது உடனே கிடைக்கும். ஆனால் இவற்றின் வழக்கமான கடை விலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே 30க்குக் கிடைப்பதை இங்கே 60க்குப் போட்டு நிரப்பினால், நாம் மேலே போட்ட கணக்கு உடைந்துவிடும்.

நிரப்பிய பிறகும் இலவசம் வராமல் போவதற்குச் சில காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். வரம்பைக் கணக்கிடும்போது வேறு விற்பனையாளரின் பொருளைச் சேர்க்க மாட்டார்கள். பரிசு அட்டை, டிஜிட்டல் பொருள் இவையும் பெரும்பாலும் சேராது. சில கடைகள் வரிக்கு முந்தைய தொகையை எடுத்துக்கொள்ளும். ‘500 முதல்’ என்பதும் ‘500க்கு மேல்’ என்பதும் வேறு, இரண்டாவதில் சரியாக 500 போதாது. இதைவிட மோசமானது பின்னால் வருவது. நிரப்பி வாங்கிய கூடையில் ஒன்றைத் திருப்பி அனுப்பினால் மீதி வரம்புக்குக் கீழே இறங்கும். அப்போது விட்டுக்கொடுத்த டெலிவரி கட்டணத்தை ரீஃபண்டில் பிடித்துக்கொள்ளும் கடைகள் உண்டு. உடுப்பு, செருப்பு போல அளவு சரியாக இருக்குமா என்று தெரியாத பொருளை வைத்து வரம்பை எட்டுகிறீர்கள் என்றால், ரிட்டர்ன் விதியை முதலில் படியுங்கள்.

வாங்கியாக வேண்டிய அவசரம் இல்லையென்றால் நான்காவது வழியும் உண்டு: கூடையை அப்படியே விட்டு வைப்பது. வாரம் முழுக்கத் தேவைப்பட்டதை ஒவ்வொன்றாகப் போட்டு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஆர்டர் போடுவது. வாரம் மூன்று சின்ன ஆர்டர் போடும் வீட்டில் இந்தப் பழக்கம் மட்டுமே டெலிவரிச் செலவை மூன்றில் ஒரு பங்காக்கும். பெரும்பாலும் அந்த ஒரு ஆர்டரும் வரம்பைத் தாண்டியிருக்கும். கூடையில் கிடக்கும் பொருளுக்கு விலை பூட்டப்படுவதில்லை, ஸ்டாக்கும் தீரலாம். எனவே சலுகை விலைக்கு வரும் பொருளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு உதவாது.

கூப்பனும் வரம்பும் மோதும்போது

பல கடைகளில் ஒரு ஆர்டருக்கு ஒரு கூப்பன்தான். 10 சதவீதத் தள்ளுபடியா, இலவச டெலிவரியா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். டெலிவரி 50 என்றால் 500 தான் திருப்புமுனை. கூடை அதற்குக் கீழே இருந்தால் இலவச டெலிவரிக் கூப்பன், மேலே இருந்தால் சதவீதக் கூப்பன். டெலிவரி கட்டணத்தைச் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் உங்கள் கடைக்கான திருப்புமுனை வந்துவிடும்.

சிக்கல் வருவது கூப்பன் கூடையை வரம்புக்குக் கீழே தள்ளும்போது. வரம்பு 500, டெலிவரி 40. உங்கள் கூடை 520. கூப்பன் போடாவிட்டால் 520 மட்டும் கட்டினால் போதும். 10 சதவீதம் போட்டால் 468 ஆகிறது, வரம்பு போய்விட்டது, டெலிவரி 40 திரும்பி வந்து 508 ஆகிறது. 52 மிச்சம் என்று நினைத்தது 12 ஆகிவிட்டது. இதே கூடையில் 40க்குப் பட்டியல் பொருள் ஒன்றைச் சேர்த்தால் கூடை 560, கூப்பன் கழிந்து 504, டெலிவரி இலவசம். முன்பைவிட 4 குறைவாகக் கட்டி ஒரு பொருளும் கூடுதலாகக் கிடைக்கிறது. வரம்பைக் கூப்பனுக்கு முன் பார்க்கிறார்களா பின் பார்க்கிறார்களா என்பது கடைக்குக் கடை வேறு. கூப்பனைப் போட்டும் எடுத்தும் கடைசித் தொகையை இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்.

கணக்குத் தொடங்கி, கூடையில் பொருளைப் போட்டு, பணம் கட்டாமல் ஓரிரு நாள் விட்டால் ‘மறந்துவிட்டீர்களா’ என்று மின்னஞ்சலில் இலவச டெலிவரிக் குறியீடு அனுப்பும் கடைகள் உண்டு. சிறிய, நடுத்தரக் கடைகளில் இது நடக்க வாய்ப்பு அதிகம். செய்திமடலில் புதிதாகச் சேர்பவருக்கும் இப்படி ஒன்று வரும். கூப்பன் தொகுப்புத் தளங்களில் பத்துக் குறியீட்டைத் தேடிப் போட்டுப் பார்ப்பதைவிட இந்த இரண்டும் பலன் தரும்.

சந்தா: யாருக்கு, எப்போது

2005 பிப்ரவரியில் அமேசான் அமெரிக்காவில் பிரைம் சந்தாவை ஆண்டுக்கு 79 டாலருக்குத் தொடங்கியது. இரண்டு நாள் டெலிவரிக்கு அதற்கு மேல் பணம் இல்லை. அதன் பிறகு இதே அமைப்பைப் பல கடைகளும் உணவு டெலிவரி செயலிகளும் எடுத்துக்கொண்டன. கடைக்கு இதில் என்ன லாபம் என்று புரிந்தால் உங்கள் கணக்கு தெளிவாகும். பணத்தை முன்பே கட்டியாகிவிட்டது, இனி ஒவ்வொரு ஆர்டருக்கும் டெலிவரி பூஜ்ஜியம். ஆகவே சின்னச் சின்னதாக அடிக்கடி வாங்குவீர்கள், வேறு கடையில் விலை பார்க்க மாட்டீர்கள். சந்தாவால் வரும் மிச்சத்தை இந்த இரண்டு பழக்கமும் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

சந்தா 600, டெலிவரி 40 என்றால் 15 ஆர்டரில் சந்தாத் தொகை திரும்பி வந்துவிடும் என்று வகுத்துச் சொல்வார்கள். அந்த 15ஐ எண்ணும் முறையில்தான் பிழை. கடையில் உங்கள் ஆர்டர் வரலாற்றைத் திறந்து கடந்த 12 மாதத்தை எடுங்கள். மொத்தம் 34 ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 19 வரம்பைத் தாண்டியவை, சந்தா இல்லாமலே இலவசமாக வந்திருக்கும். அவற்றை அடித்துவிடுங்கள். மீதி 15. அதில் ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்துப் போட்டவை 6, சேர்த்துப் போட்டிருந்தால் கட்டணமே வந்திருக்காது. அவற்றையும் அடியுங்கள். மிஞ்சுவது 9. 9 ஆர்டருக்கு 40 வீதம் 360. 600 கொடுத்து 360ஐ மிச்சப்படுத்துவது நஷ்டம். இதே ஆளுக்கு, கடந்த ஆண்டில் 34 ஆர்டர் போட்டதால், சந்தா கட்டாயம் லாபம் என்று தோன்றியிருக்கும்.

வேறொருவருக்கு இதே கணக்கு தலைகீழாக வரும். வரம்பு மிக உயரமாக இருக்கும் கடை, வாரந்தோறும் ஒரு சிறு பொருள் கட்டாயம் தேவைப்படும் வீடு, நடமாட முடியாத பெரியவர் இருக்கும் வீடு என்றால் 30, 40 ஆர்டர் உண்மையாகவே மிஞ்சும். அங்கே சந்தாவை மிஞ்ச எதுவும் இல்லை.

இடைப்பட்டவர்களுக்கு எங்கள் தேர்வு மாதச் சந்தா. ஆண்டு முழுவதற்கும் கட்டாமல், புது வீட்டுக்குப் போகும் மாதம், குழந்தை பிறக்கும் மாதம், பள்ளி திறக்கும் மாதம் என்று நிறைய வாங்கும் மாதத்துக்கு மட்டும் சேர்ந்து, சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுவது. அணைத்தாலும் கட்டிய காலம் முடியும்வரை பலன் தொடர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இலவச சோதனைக் காலத்தில் ரத்து செய்தவுடன் பலனை நிறுத்திவிடும் கடைகளும் உண்டு. அப்படியானால் முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு போனில் நினைவூட்டல் வையுங்கள்.

கட்டும் முன் சந்தாவின் நுணுக்க வரிகளில் மூன்றைப் படியுங்கள். சந்தாதாரருக்கும் குறைந்தபட்ச ஆர்டர் தொகை இருக்கிறதா. கடையின் சொந்தக் கிடங்கிலிருந்து போகும் பொருளுக்கு மட்டும்தானா, எல்லா விற்பனையாளருக்குமா. கனமான, பெரிய பொருளுக்குக் கூடுதல் கட்டணம் உண்டா. ஒரே வீட்டில் இருப்பவர்கள் சந்தாவைப் பகிரலாம் என்று விதி இருந்தால் செலவு பாதியாகும். வீட்டுக்கு வெளியே பகிர்வதை விதி தடுத்தால் அந்த வழிக்குப் போகாதீர்கள், கடையில் உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம்.

மெதுவான டெலிவரி, நேரில் போய் எடுப்பது

ஒரு பார்சலின் செலவில் பெரிய பங்கு கடைசிக் கட்டத்தில், அதாவது கிளை அலுவலகத்திலிருந்து உங்கள் வாசல் வரை, ஆகிறது. ஒரு தெருவில் ஒரே ஒரு பார்சலுக்காக வண்டி வந்தால் அதன் முழுச் செலவும் அந்தப் பார்சல் மேல். எட்டுப் பார்சலோடு வந்தால் எட்டாகப் பிரியும். நீங்கள் நான்கு நாள் பொறுத்தால் விமானத்துக்குப் பதில் லாரியில் அனுப்பலாம், உங்கள் தெருவின் மற்ற பார்சல்களோடு சேர்க்கலாம். மெதுவான டெலிவரி மலிவாகவோ இலவசமாகவோ கிடைப்பது இதனால்தான். அடுத்த நாள் வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டும் முன், அந்தப் பொருளை வந்த அன்றே பிரிக்கப் போகிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில கடைகள் பொறுமைக்குப் பதிலாக அடுத்த வாங்கலுக்கான சிறு தள்ளுபடி தரும். அதற்குக் காலாவதி உண்டு, எதில் செல்லும் என்ற வரம்பும் உண்டு. பயன்படுத்தும் நாள் தெரிந்தால் மட்டும் அதைப் பணமாக எண்ணுங்கள்.

ஒரே ஆர்டரில் பல பொருள் இருந்தால் ‘கிடைக்கக் கிடைக்க அனுப்பு’, ‘எல்லாம் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்பு’ என்ற தேர்வு வரும். பார்சலுக்குப் பார்சல் கட்டணம் வாங்கும் கடையில் இரண்டாவதைத் தொடாவிட்டால் இரண்டு மூன்று கட்டணம் விழும்.

வாசல் வரை வரும் கட்டத்தையே நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் பிக்கப். கடையின் கிளை, கூரியர் அலுவலகம், தானியங்கி லாக்கர், ஒப்பந்தம் செய்துகொண்ட பக்கத்துக் கடை என்று பல வடிவம். தினமும் போகும் வழியில் இருந்தால் இதைவிட மலிவு இல்லை. தனியாக வண்டி எடுத்துப் போக வேண்டும் என்றால் எரிபொருளையும் நிறுத்துமிடக் கட்டணத்தையும் கூட்டுங்கள். 40 மிச்சத்துக்காக 8 கிலோமீட்டர் போய்வருவது அநேகமாகக் கைநஷ்டம்.

லாக்கரில் பிழைபடுவது இரண்டு விஷயம். பெட்டியின் அளவு வரம்பைத் தாண்டிய பார்சல் போகாது, அப்போது தூரத்துக் கிளைக்குத் திருப்பிவிடுவார்கள். எடுக்கக் குறிப்பிட்ட நாள்தான் கெடு. தாண்டினால் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பும், டெலிவரி கட்டணம் திரும்ப வராமல் போகலாம். ஊரில் இல்லாத வாரத்தில் லாக்கருக்கு ஆர்டர் போடாதீர்கள். ஓ.டி.பி. வரும் போன் எண் சரியா என்றும் பார்த்துவிடுங்கள். மறுபக்கம், பகலில் யாரும் இல்லாத வீடுகளுக்கு லாக்கர் வேறொரு வகையில் பணம் மிச்சப்படுத்தும்: டெலிவரி முயற்சி தவறி, மறுமுறை கொண்டுவரக் கட்டணம் விழுவது நின்றுபோகும்.

எடையைவிடப் பெட்டி பெரிதாக இருந்தால்

கூரியர்காரர்கள் இரண்டு எடை பார்ப்பார்கள். தராசில் வரும் எடை ஒன்று, பெட்டியின் அளவிலிருந்து வரும் கன அளவு எடை மற்றொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் கிலோவில் வரும். விரைவு கூரியரில் பரவலாக இருக்கும் வகுஎண் 5000. சில சேவைகளில் 6000.

இதன் விளைவைத் தலையணையில் பாருங்கள். 60 × 40 × 20 பெட்டி என்றால் 48,000. 5000ஆல் வகுத்தால் 9.6 கிலோ. தராசில் ஒரு கிலோ. காற்றை உறிஞ்சி 40 × 30 × 10 பொதியாக அனுப்பும் விற்பனையாளரிடம் அதே தலையணை 2.4 கிலோதான். ஆகவே பஞ்சு, நுரை, பிளாஸ்டிக் கூடை, விளக்குக் கூண்டு போன்ற இடம் அடைக்கும் லேசான பொருளில் டெலிவரி கட்டணம் தனியாக இருந்தால் கவனம். சுருட்டி அல்லது மடித்து அனுப்புகிறார்களா, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி அனுப்புகிறார்களா என்று பொருளின் விவரத்தில் பேக் அளவைப் பாருங்கள். பேக் அளவு போடவில்லை என்றால் விற்பனையாளரிடம் கேட்கலாம். இதற்கு நேர் எதிராக, சிறியதும் கனமானதுமான இரும்புச் சாமான், புத்தகம் போன்றவற்றுக்கு, எடை எவ்வளவானாலும் பெட்டிக்கு ஒரே கட்டணம் என்ற சேவை கிடைத்தால் அதுவே மலிவு.

சேர்த்து அனுப்பினால் எப்போதும் குறையும் என்பதும் முழு உண்மை ஆகாது. 30 × 20 × 15 பெட்டி இரண்டு, ஒவ்வொன்றும் 1.8 கிலோ கணக்கு. அரை கிலோ படியில் மேல்நோக்கி முழுமையாக்கினால் 2 கிலோ வீதம் 4. இரண்டையும் 35 × 30 × 20 பெட்டிக்குள் வைத்தால் 4.2, முழுமையாக்கினால் 4.5. பார்சலுக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று குறையும், எடைப்படி ஒன்று கூடும். எது பெரிது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அடிப்படைக் கட்டணம்தான் பெரிது. எடுத்துவருவது, பிரித்து அடுக்குவது, வாசலில் கொடுப்பது எல்லாம் 200 கிராமுக்கும் 2 கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரே வேலை என்பதால் முதல் படிக்கே அதிகம் வாங்குவார்கள்.

கட்டில், அலமாரி, சலவை இயந்திரம் போன்றவற்றில் ‘டெலிவரி’ என்ற சொல் வாசலோடு நிற்கிறதா, அறைக்குள் வருகிறதா என்பதைப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத மாடிக்குத் தளக் கணக்கில் பணம், பொருத்தித் தரத் தனிப் பணம், பழையதை எடுத்துப்போகத் தனிப் பணம் என்றால், உள்ளூர்க் கடையின் ‘எல்லாம் சேர்த்த’ விலை ஆன்லைன் விலையை எளிதாக வென்றுவிடும்.

பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்குவது

அலுவலகத்திலோ குடியிருப்பிலோ நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டர் போட்டால் வரம்பும் எட்டும், அடிப்படைக் கட்டணமும் ஒன்றாகும். சண்டை வருவது பங்கு பிரிப்பதில். முதல் கிலோ 40, அடுத்த ஒவ்வொரு கிலோவும் 10 என்று வைப்போம். ஒருவருக்கு 3 கிலோ, இன்னொருவருக்கு 1 கிலோ. தனியாக என்றால் 60ம் 40ம், மொத்தம் 100. சேர்ந்தால் 70. மிஞ்சியது 30. ஆளுக்கு 15 குறைத்தால் ஒருவர் 45, மற்றவர் 25 கொடுக்க வேண்டும். எடைப்படி நேராகப் பிரித்தால் 52.50ம் 17.50ம் வரும். அப்போது கனமான பொருள் வாங்கியவருக்குச் சேர்ந்து வாங்கியதில் பலன் மிகக் குறைவு, அடுத்த தடவை சேர மாட்டார். மிச்சத்தைச் சமமாகப் பங்கிடும் முறைதான் நிலைக்கும்.

பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மூலம்தான் வாரண்டியும் ரிட்டர்னும் நடக்கும். ஆகவே மின்சாதனத்தை இந்தக் கூட்டு ஆர்டரில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

இங்கே டெலிவரி கட்டணம் ஒரு பகுதி மட்டுமே. பல நாடுகளில் சுங்க வரியைப் பொருளின் விலை, காப்பீடு, சரக்குக் கட்டணம் மூன்றும் கூட்டிய தொகை மேல் போடுவார்கள். சி.ஐ.எஃப். மதிப்பு என்பது இதுதான். அப்படிப்பட்ட நாட்டில் விரைவு கூரியருக்கு 300 கூடுதலாகக் கொடுத்தால் அந்த 300க்கும் வரி கட்டுவீர்கள். அதோடு, வரியை உங்கள் சார்பில் முன்கூட்டிக் கட்டியதற்காகக் கூரியர் நிறுவனம் தனிக் கட்டணம் கேட்கும். விலை குறைந்த பொருளில் இந்தக் கட்டணம் வரியையே தாண்டிவிடும்.

விற்பனையாளர் டி.டி.பி. என்று போட்டிருந்தால் வரி, சுங்கச் செலவு அனைத்தும் அவர் பொறுப்பு. டி.ஏ.பி. என்றால் வாசலில் நீங்கள் கட்ட வேண்டும். ஒப்பிடும்போது முதலாவதின் கூடிய விலையையும் இரண்டாவதின் குறைந்த விலையையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள், வரியைச் சேர்த்துவிட்டு வையுங்கள்.

குறைந்த மதிப்புப் பார்சலுக்கு வரி இல்லை என்ற பழைய நம்பிக்கையில் ஆர்டர் போடுவதும் இப்போது ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தி வைத்தது. உங்கள் நாட்டுச் சுங்கத் துறையின் இன்றைய விதியைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பல வெளிநாட்டுக் கடைகளில் வாங்கியதை ஒரு கிடங்கு முகவரியில் சேர்த்து, ஒரே பெட்டியாக அனுப்பித் தரும் சேவையும் உண்டு. நான்கைந்து சிறு பொருள் இருந்தால் இது லாபம். கிடங்கில் எத்தனை நாள் இலவசம், சேர்த்துக் கட்ட எவ்வளவு, பெரிய பெட்டிகளைக் கழித்துச் சிறியதில் அடைப்பார்களா என்று கேளுங்கள். லித்தியம் பேட்டரி, வாசனைத் திரவம், ஸ்பிரே கேன் போன்றவற்றை விமானத்தில் அனுப்ப மறுக்கலாம், பொருள் கிடங்கிலேயே சிக்கிவிடும். மதிப்பைக் குறைத்து எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சுங்கக் குற்றம், பார்சல் தொலைந்தாலும் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கிடைக்காது.

திருப்பி அனுப்பும் செலவைச் சேர்த்தால் வரிசை மாறும்

பத்து உடுப்பு வாங்கி மூன்றைத் திருப்புபவர் நீங்கள் என்றால், ரிட்டர்ன் கட்டணம் 60 கேட்கும் கடையில் ஒவ்வொரு உடுப்புக்கும் 18ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவச டெலிவரி, கட்டண ரிட்டர்ன் உள்ள கடையைவிட, டெலிவரிக்கு 15 வாங்கி ரிட்டர்னை இலவசமாக எடுத்துக்கொள்ளும் கடை உங்களுக்கு மலிவு. ஒன்றையும் திருப்பாமல் சோப்பும் பேனாவும் வாங்குபவருக்கு இது பொருட்டே இல்லை.

முதலில் கட்டிய டெலிவரி கட்டணம் ரீஃபண்டில் திரும்புமா என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை உத்தரவின்படி, 14 நாளுக்குள் வாங்கலை விலக்கிக்கொண்டால் சாதாரண டெலிவரி கட்டணத்தையும் விற்பவர் திருப்பித் தர வேண்டும். விரைவு டெலிவரிக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பகுதி திரும்பாது. பொருளைத் திருப்பி அனுப்பும் செலவைத் தானே ஏற்பதாகக் கடை சொல்லாதவரை அது பொதுவாக வாங்கியவர் தலையில்தான். உங்கள் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இல்லையென்றால் கடையின் ரிட்டர்ன் பக்கமே சட்டம்.

உடைந்து வந்தாலோ, தவறான பொருள் வந்தாலோ, திருப்பி அனுப்பும் செலவை ஏற்கச் சொல்லிக் கடையிடம் கேளுங்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். பெட்டியைப் பிரிக்கும் முன் முகவரிச் சீட்டுத் தெரிய ஒரு படம், நசுங்கிய மூலை இருந்தால் அதற்கு ஒன்று, பிரித்ததும் பொருளுக்கு ஒன்று எடுத்து வையுங்கள். ரிட்டர்ன் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வேறு பெரிய பெட்டியில் திருப்பினால் கன அளவு எடை கூடி, அந்தக் கட்டணமும் உங்களிடமே வரும்.